ஆட்டுக் கொட்டத்துக் கூரையில் கிடைத்த அம்பு

எந்தக் குச்சி நல்ல அம்பாகும் என்று இப்போது நிறையப் பேர் போனில் கேட்கிறார்கள். மூங்கில், நாணல் மாதிரி இயற்கையில் விளைந்த தட்டையில் செய்த அம்பை மட்டும் விட வேண்டும் என்கிற போட்டிகள் கூடிவிட்டன. படம் எடுத்து அனுப்புகிறார்கள். படத்தில் எல்லாக் குச்சியும் நேராகத்தான் இருக்கிறது. குச்சியைக் கையில் வாங்காமல் நான் என்ன சொல்ல?

வில் சங்கத்துப் பெண்கள் விடவில்லை. எழுதிக் கொடுங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். சுற்றி வளைத்து எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

தெற்குவாசல் பக்கம் ஒரு சந்துக்குள் மூங்கில் கடை. முதலாளி மீரான் ராவுத்தர். எல்லோருக்கும் அவர் பாய். ஏணி, பந்தல் கால், தட்டி இவைதான் பெரிய வியாபாரம். கடையின் பின்கட்டில் வில்லும் அம்பும் செய்வார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. நான் ஏணிக்குப் படி சீவ வந்தேன். ஒருநாள் பாய், "பேச்சிம்மா, நாளைலருந்து பின்னால உக்காரு" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. முதலில் நான் எடுத்து வைத்த கழியில் பாதிக்கு மேல் அடுப்புக்குப் போனது. பிறகு அது குறைந்தது. நான் தொழில் பழகியது அவ்வளவுதான்.

பாய் கழி பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். பின்கட்டில் ஒரு கருங்கல் பலகை கிடந்தது. ஒவ்வொரு கழியையும் முழ உயரத்திலிருந்து அதன் மேல் குறுக்கே போடுவார். கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்பார். ஈரம் இருந்தால் சத்தம் மொத்தென்று வரும். உளு அரித்திருந்தால் சத்தம் உடைந்து வரும். நன்றாகக் காய்ந்த கல்மூங்கில் மணியாகக் கேட்கும். அவர் வாயிலிருந்து 'வேண்டாம்' என்கிற சொல்லை நான் கேட்டதில்லை. ஆகாத கழியைத் திரும்பிப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் விறகுக் குவியலில் போட்டுவிடுவார். நாள் முழுக்க விறகு விழுகிற சத்தம் மட்டும் கேட்ட நாளும் உண்டு. அன்றைக்கு யாரும் அவரிடம் டீ வேண்டுமா என்றுகூடக் கேட்க மாட்டோம்.

கழி வெட்டுவது தை, மாசியில். அதுவும் தேய்பிறையில். புதரின் ஓரத்தில் நின்றது காற்றுக்கு ஆடி ஆடி வளைந்திருக்கும். நடுவில் நின்றது வெளிச்சத்தைத் தேடி நேராக ஏறியிருக்கும். இளங்கழி ஆகாது. வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். வெட்டியதை வெயிலில் போடக்கூடாது, வெடிக்கும். கட்டாகக் கட்டி நிழலில் நிற்க வைத்து வருஷக்கணக்கில் மறந்துவிட வேண்டும். பிறகு கரி அனலில் காட்டி, வெட்டு விட்ட புளியங்கட்டையில் மாட்டி நிமிர்த்த வேண்டும். சூடு ஆறும்வரை பிடியை விடக்கூடாது. விட்டால் பழைய வளைவுக்கே போய்விடும்.

கடைசியாகச் சுவர். சுவரில் இரண்டு ஆணி. கழியின் இரு முனையையும் ஆணிகளின் மேல் வைத்து, நடுவில் ஒரு படிக்கல்லைத் தொங்க விடுவோம். கழி எவ்வளவு தொய்கிறது என்று பார்க்கச் சுவரில் கோடுகள் உண்டு. பலமான வில்லுக்கு மேல் கோடு. எளிய வில்லுக்குக் கீழ்க் கோடு. அம்பு வில்லை விட்டுப் போகும்போது பாம்பு மாதிரி ஒரு நெளி நெளிந்து, வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டுதான் போகும். நெளியாத அம்பு பிடியில் இடித்து இடது பக்கம் ஓடிவிடும். அதிகம் நெளிந்தால் வலது பக்கம். குச்சியில் நல்ல குச்சி, கெட்ட குச்சி என்று தனியாகக் கிடையாது. எந்த வில், எந்தக் கை என்று தெரியாமல் எந்தக் குச்சியும் அம்பு இல்லை.

இன்னொரு வழக்கமும் அந்தக் கடையில் உண்டு. புது இடத்துக் கழியில் அம்பு செய்தால், முதல் அம்பை அந்தக் கழியைப் பொறுக்கியவர்தான் விட வேண்டும். வாங்க வந்தவர் கையில் கொடுக்கக்கூடாது. அம்பு வில்லிலேயே உடைந்தால், தெறிக்கிற சிலும்பு அம்பை விடுகிறவர் கையில்தான் ஏறும். பொறுக்கியவர் கையில் ஏறட்டும் என்பது பாயின் அத்தா வைத்த சட்டம். அதனால் நானும் விட்டிருக்கிறேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோலுறை மாட்டிக்கொண்டு, வண்டியூரில் பாயின் மச்சானுடைய காலி மனையில், வைக்கோல் போரைப் பார்த்து. குறி பார்க்கத் தெரியாது. உடையாமல் போனால் போதும்.

இப்போது அந்த அம்புகளின் கதை.

பேரையூர்ப் பக்கமிருந்து குருசாமி என்கிறவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பருத்தியும் சோளமும் போடுகிறவர். கொஞ்சம் ஆடும் உண்டு. மகள் பவித்ரா. நெட்டையான பெண். நல்ல வாய்.

"பாய், பாப்பா விடுற அம்பு பூரா எடது பக்கமே போகுது. ரெண்டு வருசமாத் தேர்வுல கழிச்சு விட்டுட்டாங்க" என்றார் குருசாமி.

பாய் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "சாஞ்சு நிக்கிறியா தாயி?"

"நான் நேராத்தான் நிக்கிறேன் பாய். ஒங்க கடை அம்புதான் சாஞ்சு போகுது."

குருசாமி பதறிப்போய் மகளின் தோளில் தட்டினார். பாய்க்குக் கோபம் வரவில்லை. "வில்லை எடு, பாப்போம்" என்றார்.

அவள் வில்லைப் பிடித்ததுமே தெரிந்துவிட்டது. இடது முழங்கை முழுசாக நீளவில்லை. சின்ன வயதில் புளிய மரத்திலிருந்து விழுந்து ஒடிந்த கை. கை நீளாததால் நாணை முழுசாக இழுக்க முடியாது. அதனால் எளிய வில். ஆனால் பிடித்த பிடி ஆடவில்லை. சுவரில் ஆணி அடித்த மாதிரி நின்றாள். பாய் அவள் பின்னாலும் முன்னாலும் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நிலை பழுதில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

ஐப்பசி முடிந்ததும் மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கிற தேர்வு. அந்த வயதுப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி. அந்த வருஷம் விட்டால் பெரியவர்களோடு, பலமான வில்லோடு நிற்க வேண்டும். அந்தக் கையால் முடியாது.

கடையில் இருந்த கழி எல்லாம் அவள் வில்லுக்கு முரடு. மூங்கிலைச் சீவி மெலிதாக்கிப் பார்த்தோம். மூங்கிலின் பலம் தோலில்தான் இருக்கிறது. தோல் போனதும் ஒரு ஈர நாளுக்குத் தாங்கவில்லை, கோணிக்கொண்டது. நொச்சி விளார் வெட்டிப் பார்த்தோம். நேராக வளர்வது. ஆனால் கனம். அம்பு இலக்குக்கு முன்னாலேயே தரையைத் தேடியது. சமயநல்லூரைத் தாண்டி ஆற்றோரம் போய் நாணல் வெட்டி வந்தோம். தண்ணீரிலேயே நின்று கொழுத்தது. காய்ந்ததும் சுருங்கி, பிழிந்த துணி மாதிரி ஆனது. ஒவ்வொன்றாக விறகுக்குப் போனது. வாரா வாரம் அப்பனும் மகளும் பஸ் ஏறி வந்து, விறகு விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் பாய் சொன்னார். "வார தையில நல்ல கழியா வெட்டி, காய வச்சு, அடுத்த வருசம் தாரேன் குருசாமி."

"அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும் பாய்" என்றாள் பவித்ரா. அன்றைக்கு அவள் குரலில் வாயாடித்தனம் இல்லை.

 குருசாமி எழுந்து, வாசல் நிலையில் சாத்தி வைத்திருந்த கம்பை எடுத்தார். தடிக்கம்பு இல்லை. ஆடு விரட்டுகிற, விரல் கனத் தட்டை. பஸ் ஸ்டாண்டு நாய்க்கும் உதவும் என்று கையோடு கொண்டுவந்திருந்தார். செருப்பை மாட்டக் குனிந்தபோது கம்பு நழுவிக் கருங்கல்லின் மேல் விழுந்தது.

வெண்கலக் கரண்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

பாய் தலையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். நான்தான் பக்கத்தில் இருந்தேன், எடுத்துவிட்டேன். கருப்பட்டி நிறம். கனமே இல்லை. உள்ளே ஓட்டை. வளைத்தேன், வளைந்தது. விட்டேன், நிமிர்ந்தது.

"இது எங்க எடுத்தது?" என்றார் பாய்.

"இதா? ஆட்டுக் கொட்டத்துக் கூரையில உருவுனது பாய். எங்க அய்யா போட்ட கூரை. ஓலைக்கு அடியில பரப்புன தட்டை. எங்க ஊருக் கண்மாய்க் கொறுக்கை, நாணல் மாதிரி."

"கண்மாயில தண்ணி நிக்குமா?"

"தண்ணி நின்னா நாங்க ஏன் பாய் பருத்தி போடுறோம்?"

"கூரைக்குக் கீழ தீ போடுவீகளா?"

"தெனம் பொழுதடைய மூட்டம் போடுவோம். இல்லாட்டிக் கொசு ஆட்டைப் பிடுங்கிப்புடும்."

அதுதான் விஷயம். தண்ணீர் காணாத கண்மாயில் கஷ்டப்பட்டு வளர்ந்த தட்டை. கணுவுக்குக் கணு நெருக்கம். அதன் பிறகு ஒரு தலைமுறைக் காலம் தினமும் புகை குடித்திருக்கிறது. உளு அண்டாது. ஈரம் ஏறாது. எந்தக் கடையிலும் இப்படிக் காய வைக்க முடியாது.

நான் அதை ஆணியில் வைத்துப் படிக்கல்லைத் தொங்க விட்டேன். பவித்ராவின் வில்லுக்காகச் சுவரில் புதிதாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தோம். அதுவரை எந்தக் கழியும் அந்தக் கோட்டைத் தொட்டதில்லை. தட்டை மெதுவாக இறங்கி அந்தக் கோட்டிலேயே நின்றது.  

பாய் என்னைப் பார்த்தார். "பேச்சிம்மா, செருப்பைப் போடு" என்றார்.

கடையின் லோடு ஆட்டோவில் அப்போதே கிளம்பினோம். ஏறப் போன பாய் திரும்பி வந்து, கருங்கல் பலகையையும் ஏற்றச் சொன்னார். வழியெல்லாம் மேகம் இறங்கி நின்றது. பாய் முன்னால் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். அவர் தாளம் போட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

குருசாமியின் வீட்டுக்காரி முத்துலட்சுமி வாசலில் பருத்தி பிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு இவுக?"

"கூரையப் பிரிக்க வந்திருக்காக" என்றார் குருசாமி.

"யாரு கூரைய?"

"நம்ம ஆட்டுக் கொட்டத்துக் கூரையத்தான்."

"மழை தலைக்கு மேல நிக்குது. ஆட்டை எங்க கட்டுறது, ஒங்க மடியிலயா?"

"பாய் தார்ப்பாய் தாரேன்னிருக்காரு."

பாய் அப்படி எதுவும் சொல்லவில்லை. குருசாமியை ஒரு பார்வை பார்த்தார். "தாரேன்" என்றார்.

முத்துலட்சுமி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். "கல்லையும் தூக்கிட்டா வந்திருக்கீக? எங்க ஊருல கல்லு இல்லைன்னு யாரும் சொன்னாகளா?"

"இது பேசுற கல்லும்மா" என்றார் பாய்.

"பேசட்டும். அந்தக் கல்லே நாளைக்கு ஆட்டையும் மேய்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், கட்டறுக்க அரிவாளோடுதான் திரும்பி வந்தார். ஆனால் அரிவாளை எங்கள் கையில் தரவில்லை. "எம்புட்டு வேணுமோ அம்புட்டுத்தான் பிரிக்கணும். சும்மா பூராத்தையும் கலைச்சீகன்னா பாத்துக்கங்க."

பவித்ரா கூரை மேல் ஏறினாள். கை நீளாத பெண் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், அப்படி ஏறினாள். ஓலையை விலக்கித் தட்டையை உருவி உருவிக் கீழே போட்டாள். நான் வாங்கிப் பார்த்தேன். பாய் கல்லில் போட்டார்.

எல்லாம் ஒரே கூரைதான். ஆனால் எல்லாம் ஒரே தட்டை இல்லை. கூரை ஓரத்து இறவாணத்தை ஒட்டிக் கிடந்தது சாரல் குடித்து மக்கியிருந்தது. முகட்டில் கிடந்தது வெயில் பட்டு வெடித்திருந்தது. மூட்டம் போடும் இடத்துக்கு நேர் மேலே ஒரு கோரைப்பாய் விரிக்கிற அளவு இடம். அங்கே கிடந்ததுதான் கருப்பட்டி நிறம். "அந்தா, கருத்துக் கெடக்குல்ல, அத மட்டும் உருவு" என்று நான் கீழிருந்து கத்தினேன். அவள், "எல்லாமே கருப்பாத்தான் இருக்கு, என் மூஞ்சியும் சேத்து" என்றாள். பார்த்தேன். கரி அப்பிப் பல்லும் கண்ணும் மட்டும்தான் தெரிந்தது. ஆடுகள்கூடக் கத்துவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தன.

கல் மணி அடித்துக்கொண்டே இருந்தது. விறகுக்குப் போனது கொஞ்சம்தான். பாய் நல்லதை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டே வந்தார். அடுக்கியவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். முகம் சட்டென்று விழுந்தது.

"பேச்சிம்மா, கட்டுத் தடம்."

கூரையில் தட்டையை வரிசை வரிசையாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கயிறு கடித்த இடத்தில் தட்டை நசுங்கி ஒரு பள்ளம். அங்கே அம்பு உடையும். எடுத்துப் பார்த்தேன். எல்லாத் தட்டையிலும் அதே தூரத்தில் அதே பள்ளம். ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் நடுவில் கிடைக்கிற நீளம், நாங்கள் செய்கிற அம்பை விட நாலு விரல் குறைச்சல்.

பாய் தட்டையைக் கீழே வைத்தார். விறகில் போடவில்லை. சும்மா வைத்தார். குருசாமிக்குப் புரிந்துவிட்டது. கூரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

நான் பவித்ராவை இறங்கி வரச் சொன்னேன். அந்த இடது கையை நீட்டச் சொன்னேன். அவள் எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினாள். தட்டையின் ஒரு பள்ளத்தை அவள் தாடையில் வைத்து, கைப்பிடி வரை பிடித்துப் பார்த்தேன். அடுத்த பள்ளம் அவள் விரலைத் தாண்டி நின்றது.

"பாய், நாம யாருக்கு அம்பு செய்றோம்?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். இழுப்பு குறைந்தால் அம்பும் குட்டைதான். மற்ற எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கூரை உதவாது. இவளுக்கு மட்டும் அளவெடுத்துக் கட்டின மாதிரி இருந்தது. பாய் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, தட்டி, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு பழையபடி கல்லில் போட ஆரம்பித்தார். இந்தத் தடவை வேகமாக.

கடைக்கு வந்ததும் வேலை தொடங்கியது. அனலில் காட்ட வேண்டியதே அதிகம் இல்லை, அவ்வளவு நேர். முன்முனையிலும் பின்முனையிலும் ஓட்டைக்குள் மூங்கில் ஆப்பு இறக்கினேன். இரும்பு முனை, வான்கோழி இறகு, நாண் மாட்ட வெட்டு. பாய் கத்தியை எடுத்துக் கணுவை எல்லாம் வழுவழுவென்று சீவினார். மூங்கில்காரர் கை, கணுவைக் கண்டால் சும்மா இருக்காது. எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. நாங்கள் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதுதானே.

வண்டியூர் மனைக்குப் போனோம். குருசாமியும் மகளும் கூட வந்தார்கள். முதல் தட்டையைப் பொறுக்கியவள் நான். முதல் அம்பு என்னுடையது. தோலுறை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வில்லை வாங்கினேன். பாய் பிஸ்மி சொல்லி அம்பைக் கொடுத்தார். இழுத்தேன். விட்டேன்.

பட்டென்று வெடித்தது. முன்பாதி எங்கேயோ போனது. பின்பாதி வில்லிலேயே சுற்றியது. தோலுறை மட்டும் இல்லாவிட்டால் கை போயிருக்கும். பெருவிரலுக்குக் கீழே உறை மூடாத இடத்தில் ஒரு சிலும்பு இறங்கியிருந்தது. பாய் கைக்குட்டையால் கட்டினார். 

"விட்ருங்க பாய்" என்றார் குருசாமி. "போதும். என் பிள்ளைக்காக ஒருத்தரு கை போக வேணாம்."

பவித்ரா அழவில்லை. உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து வந்து பாயிடம் கொடுத்தாள். "எங்க ஒடைஞ்சதுன்னு பாருங்க" என்றாள்.

பாய் பார்த்தார். நேராகக் கணுவில். கத்தி போன இடத்தில்.

மூங்கிலின் கணு சுவர் மாதிரி, சீவினாலும் தாங்கும். கொறுக்கையின் கணு ஒட்டுப்போட்ட மாதிரி. அதன் மேலே இருக்கிற மேடுதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த மேட்டை எடுத்துவிட்டால் ஒட்டு விட்டுப்போகும். நல்லவேளையாகப் பொறுக்கியதில் பாதிக்கு மேல் இன்னும் கத்தி படாமல் இருந்தது. அவற்றில் கணுவை அப்படியே விட்டு, இரண்டு பக்கமும் பட்டு நூலால் நெருக்கிச் சுற்றிப் பசை தடவினோம். கட்டுப் போட்ட கையோடு நூலின் ஒரு முனையை நான் பல்லில் பிடித்துக்கொண்டேன். பவித்ரா சுற்றினாள்.

மறுபடி அதே மனை. இப்போது யார் முதல் அம்பை விடுவது என்று வந்தது. என் கை ஆகாது.

"கூரையிலருந்து உருவுனது நான்தான். நான் விடுறேன்" என்றாள் பவித்ரா.

"என் கொட்டத்துத் தட்டை. நான் விடுறேன்" என்றார் குருசாமி. வில்லைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

பாய் வில்லை வாங்கிக்கொண்டார். "கணுவச் சீவுனது யாரு? நானு. இந்த அம்பு என்னோடது."

அவர் அம்பு விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தோலுறை அவர் கைக்குப் பத்தவில்லை. அப்படியே நின்றார். நான் அந்தக் கண்ணாடியை உடைத்துவிடுவேனோ என்கிற அளவுக்குப் பிடித்திருந்தேன். விட்டார். சத்தமே இல்லை. ஒரு சர். வைக்கோல் போரில் அம்பு நின்று ஆடியது. கணு ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். அடுத்த அம்பை எடுத்தார். செய்த அத்தனை அம்பையும் அவரே விட்டார். பிறகுதான் வில்லைப் பெண்ணிடம் கொடுத்தார்.

அவள் முதல் அம்பை விட்டாள். நடுவில் போனது. இரண்டாவது அம்பு முதல் அம்பின் இறகை உரசிக்கொண்டு நின்றது. மூன்றாவதும் அங்கேயே. இடது பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.

அவள் திரும்பி, "இப்பச் சொல்லுங்க பாய், நான் சாஞ்சா நிக்கிறேன்?" என்றாள்.

"இல்ல தாயி" என்றார் பாய். "எங்க அம்புதான் சாஞ்சு போச்சு."

தேர்வு அன்றைக்குத் தூறல். ஒரு பள்ளிக்கூட மைதானம். கடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் போனோம். குருசாமி குடும்பத்தோடு வந்திருந்தார். முத்துலட்சுமி அப்போதுதான் முதல் தடவை மகள் வில் பிடிப்பதைப் பார்க்க வந்திருக்கிறார். ஆட்டைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்த கவலை முகத்தில் இருந்தது. "உங்க தார்ப்பாய் ஒழுகுது பாய்" என்றுதான் வணக்கம் சொன்னார்.

அம்புகளைச் சோதிக்கிறவர் ஒன்றை எடுத்துக் கறுப்பைச் சுரண்டினார். "என்னம்மா, பெயின்ட் அடிச்சிருக்கா?"

"புகை சார்" என்றாள் பவித்ரா.

"மோந்து பாருங்க சார், ஆட்டு வாசம் வரும்" என்றார் குருசாமி. சோதிக்கிறவர் உண்மையாகவே மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சரி, சரி, இயற்கைதான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். முதலில் நின்ற பெண் அருமையாக விட்டாள். அவளை எட்ட முடியாது என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது இடத்துக்குப் பவித்ராவும் இன்னொரு பெண்ணும் மாறி மாறி வந்தார்கள். தூறல் நிற்கவில்லை. அந்தப் பெண்ணுடைய மூங்கில் அம்புகளில் ஈரம் ஏற ஏற அம்பு கொஞ்சம் கொஞ்சமாக விலகி விழுந்தது. யார் செய்த அம்போ, பச்சை வாடை போகாதது. நல்ல பிள்ளை, பாவமாக இருந்தது. எங்கள் தட்டை ஈரத்தைச் சட்டை செய்யவில்லை. அப்படியும் அந்தப் பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி அம்புக்கு முன்னால் இரண்டு பேரும் சமம். அவள் அம்பு மஞ்சள் வட்டத்தின் ஓரத்தைக் கடித்து நின்றது.

பவித்ரா இழுத்தாள். காற்று ஒன்று வந்தது. நாணைத் தளர்த்தி வில்லை இறக்கிவிட்டாள். குருசாமி கண்ணை மூடிக்கொண்டார். பாய் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். என் கையில் தழும்பு இருக்கிற இடம் தன்னால் வலித்தது.

மறுபடி இழுத்தாள். ஆணி அடித்த மாதிரி நின்றாள். விட்டாள்.

தூறலுக்குள் அம்பு ஒரு நெளி நெளிந்ததை நான் பார்த்தேன். நெளிந்து, நிமிர்ந்து, போய் நின்றது. நடு மஞ்சள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அத்தனை பேர் சத்தத்திலும் எனக்குக் கருங்கல்லில் தட்டை விழுந்த சத்தம்தான் கேட்டது.

பெயர் படித்தார்கள். இரண்டாவதாக அவள் பெயர். குருசாமி பக்கத்தில் நின்ற யாரையோ கட்டிப்பிடித்துவிட்டு, ஆள் தெரியாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பவித்ரா ஈரத்தோடு ஓடி வந்து அம்புகளைப் பாயின் கையில் வைத்தாள். பாய் ஒவ்வொன்றின் கணுவையும் தடவிப் பார்த்தார்.  

முத்துலட்சுமி மகளின் தலையை முந்தானையால் துவட்டினார். துவட்டிக்கொண்டே பாய் பக்கம் திரும்பினார்.

"மாநிலத்துக்குப் போறான்னா இம்புட்டு அம்பு பத்துமா?"

"பத்தாதும்மா. இன்னொரு கட்டு வேணும். ஒண்ணு ரெண்டு ஒடையும்."

"அப்ப மிச்சக் கூரையையும் வந்து பிரிச்சுக்கங்க" என்றார் முத்துலட்சுமி. "தார்ப்பாய் மட்டும் ஒழுகாததாக் கொண்டாங்க."

பாய் என்னைப் பார்த்தார். தூறல் கனத்துக்கொண்டிருந்தது.

"பேச்சிம்மா, கடைக்குப் போனதும் கல்லை ஏத்தச் சொல்லு" என்றார்.